ஆரணி அரிசியின் பூர்வீகம்

ஆரணி என்றதும் எல்லோருக்கும் பட்டுதான் ஞாபகம் வரும். முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரத்துக்கு அடுத்தபடியாக அடிபடும் பெயர் இது. ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அது அரிசி. ஆரணிக்கு ரயிலில் வருபவர்கள் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் ஆரணி ரோடு. அந்த நிலையம் இருப்பது களம்பூரில். "களம்பூர் பொன்னி" என்று பையின் மேல் அச்சடித்து மளிகைக் கடைகளில் விற்கிறார்களே, அதே களம்பூர்தான்.

ஆரணியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ரைஸ் மில்களும் நெல் காயும் களங்களும் கண்ணில் படும். தறியில் உட்காருபவர் சாப்பிடும் சோறும், தறி வைத்திருப்பவர் சாப்பிடும் சோறும் இங்கிருந்துதான். ஆனால் இந்தப் பட்டுக்கு எங்கிருந்து நூல் வந்தது, எங்கிருந்து ஜரிகை வந்தது என்று விசாரிப்பவர்கள்கூட, இந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. "வயலில் இருந்து" என்று பதில் சொல்லிவிடலாம். அந்த வயலுக்கு எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கோயம்புத்தூர், கட்டாக், பிலிப்பைன்ஸ், தைவான், மலேசியா என்று கதை சுற்றிக்கொண்டே போகிறது. ஒரே ஒரு விசித்திரமான செடியில் தொடங்குகிறது.

உயரமான நெல்லின் பிரச்சினை

நூறு வருடங்களுக்கு முன்னால் ஆரணிப் பக்கம் விளைந்த நெல் ரகங்களுக்குப் பொதுவான சில குணங்கள் இருந்தன. பெரும்பாலும் ஆள் மார்பளவு, தோளளவு உயரம். சம்பா ரகங்கள் அறுவடைக்கு வர ஐந்து, ஆறு மாதம் ஆகும். சில ரகங்கள் பகல் நேரம் குறையக் குறையத்தான் கதிர் விடும். அதனால் எப்போது விதைத்தாலும் குறிப்பிட்ட பருவத்தில்தான் அறுக்க முடியும்.

இந்த உயரத்தை முட்டாள்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. உயரமான நெல் களையை அமுக்கும். மழைத் தண்ணீர் தேங்கினாலும் தலை மேலே இருக்கும். மாட்டுக்கு வைக்கோல், வீட்டுக்குக் கூரை இரண்டும் கிடைக்கும். உரம் இல்லாத காலத்தில் அது அந்த நிலத்துக்கு ஏற்ற நெல். தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்த விவசாயிகள் செய்ததும் பயிர்த் தேர்வுதான்.

பிரச்சினை எப்போது வந்தது? உரம் வந்தபோது. உயரமான நெல்லுக்குத் தழைச்சத்து கூடுதலாகப் போட்டால் அது இன்னும் உயரமாக வளரும். கதிர் கனத்ததும் காற்றுக்குச் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துப் போகும். அதாவது, செலவு செய்யச் செய்ய நஷ்டம். ஒரு வியாபாரத்தில் முதலீட்டைக் கூட்டினால் லாபம் குறைகிறது என்றால், பணத்தில் கோளாறு இல்லை, இயந்திரத்தில்தான் கோளாறு. இங்கே அந்த இயந்திரம் நெல் செடி.

ஒரு விசித்திரச் செடி

1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நெல்லுக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் நிலையங்களில் ஒன்று அது. அங்கே வேலை பார்த்த எஃப்.ஆர்.பார்னெல் என்ற ஆங்கிலேயருக்கு அரசு கொடுத்திருந்த பதவியின் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினால் ஜி.இ.பி. என்று வரும். 'அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர்' என்று பொருள். ஜி.என்.ரங்கசாமி அய்யங்கார், கே.ராமையா ஆகியோர் அவருடன் பணிபுரிந்தார்கள். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் சொன்ன பாரம்பரிய விதிகள் நெல்லுக்கும் பொருந்துகின்றன என்று காட்டியவர்களில் இவர்கள் முன்னோடிகள்.

முதலில் அவர்கள் செய்தது கலப்பு அல்ல, பிரிப்பு. ஒரு ஊரில் 'சம்பா' என்று விதைக்கப்படும் நெல் உண்மையில் ஒரே நெல் அல்ல. ஒன்றுபோல இருக்கும் பல வகைகளின் கலவை. அதில் இருந்து நல்ல செடிகளைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனி வரிசையில் விதைத்து, வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர் என்பதால், நல்ல செடியின் பிள்ளைகளும் அதே குணத்தோடு வரும். இதற்குத் தனிவழித் தேர்வு என்று பெயர்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோனாமணி என்ற ரகத்தில் ஒரு செடி மட்டும் மாறி நின்றது. யாரும் கலப்புச் செய்யவில்லை. இயற்கையாகவே ஏற்பட்ட திடீர் மாற்றம். அரிசி சன்னமாக, பார்க்க அழகாக, சமைத்தால் ருசியாக இருந்தது. அந்தச் செடியின் வாரிசு 1921-ல் ஜி.இ.பி.24 என்ற பெயரில் வெளியானது. அதிகாரியின் பதவிப் பெயரே நெல்லின் பெயராகிவிட்டது! விவசாயிகள் அதற்குக் கிச்சிலி சம்பா என்று அழகான பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் செடியை ஞாபகம் வைத்துக்கொள்ளவும். கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

கட்டாக்கில் ஒரு கல்யாணத் தரகு

1943-ல் வங்காளப் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அரிசிப் பற்றாக்குறை தீரவில்லை. 1946-ல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் போனவர், கோயம்புத்தூரில் பார்னெல்லுடன் வேலை பார்த்த அதே கே.ராமையா.

ராமையாவின் யோசனை இதுதான். ஜப்பானிய நெல் (ஜப்பானிகா) குட்டையாக, உரத்தைத் தாங்கி நின்று மகசூல் தருகிறது. ஆனால் நம் வெயிலுக்கு ஒத்துவராது, சோறும் ஒட்டும். நம் நெல் (இண்டிகா) வெயிலைத் தாங்கும், ஆனால் உரத்தைத் தாங்காது. இரண்டையும் கலந்தால்? ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு 1950-களின் தொடக்கத்தில் கட்டாக்கில் வேலை ஆரம்பித்தது. ஆசிய நாடுகள் தங்கள் நெல்லை அனுப்பின. கலப்பு விதைகள் அந்தந்த நாடுகளுக்கே திரும்பிப் போயின.

நெல்லைக் கலப்பது சாதாரண வேலை இல்லை. பூ திறந்திருப்பது ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. அது திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு பூவின் முனையையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட வேண்டும். பிறகு இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, கதிருக்கு உறை போட்டு மூட வேண்டும். இவ்வளவும் செய்து கிடைப்பது கைப்பிடி விதைகூட இல்லை.

அந்தத் திட்டத்தில் நூற்றுக்கணக்கான கலப்புகள் நடந்தன. பெயர் சொல்லும்படி மிஞ்சிய ரகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பல கலப்புகள் மலடாகிப் போயின. எனவே திட்டம் தோல்வி என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் மிஞ்சியவற்றில் இரண்டு தமிழ்நாட்டுக்கு முக்கியமானவை.

ஒன்று, ஏ.டி.டி.27. நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லுக்கும் நம் ஜி.இ.பி.24-க்கும் பிறந்தது. 1965-ல் ஆடுதுறையில் இருந்து வெளியாகி, தஞ்சாவூர் குறுவையில் சில வருடங்களிலேயே பரவியது. இன்னொன்று மலேசியாவுக்குப் போன விதையில் இருந்து உருவாகி, அதே 1965-ல் அங்கே வெளியானது. அதன் பெயர் மசூரி. அது ஆரணிக்கு வேறு பெயரில் வந்து சேர்ந்தது. அந்தக் கதை கொஞ்சம் பிறகு.

எட்டாவது கலப்பு

1960-களின் நடுவில் நிலைமை மோசம். 1965, 1966 இரண்டு வருடமும் வறட்சி. 1966-ல் இந்தியா சுமார் 1 கோடி டன் உணவு தானியத்தை இறக்குமதி செய்தது. அப்போது மத்திய உணவு அமைச்சர் நம்மூர்க்காரரான சி.சுப்பிரமணியம். சென்னை மாநிலத்தில் 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே தி.மு.க.வின் பெரிய வாக்குறுதி. ஆட்சி மாறுவதற்கு அரிசியும் ஒரு காரணமாக இருந்த காலம் அது.

பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில், ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் 1960-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. 1962-ல் பீட்டர் ஜென்னிங்ஸ் என்ற விஞ்ஞானி 38 கலப்புகள் செய்தார். அதில் எட்டாவது, இந்தோனேஷியாவின் உயரமான 'பீட்டா' நெல்லையும், தைவானின் குட்டையான 'டீ-ஜியோ-வூ-ஜென்' நெல்லையும் சேர்த்தது. கிடைத்தவை 130 விதைகள்.

முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் உயரம். பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு செடி குட்டையாக நின்றது. மெண்டல் சொன்ன அதே மூன்றுக்கு ஒன்று கணக்கு! அதன் பொருள் என்ன? குட்டைத்தன்மையை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. சுலபமாக வேறு ரகங்களுக்கும் மாற்றிவிடலாம். (செடியை நீள வைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிப்பதில் உள்ள ஒரு குறைபாடுதான் அந்தக் குட்டைத்தனம் என்பது 2002-ல் தெரியவந்தது. ஒரு குறைபாடு கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.)

ஹென்றி பீச்செல் என்பவர் அந்தச் செடிகளில் இருந்து பொறுக்கிக்கொண்டே வந்து, 288-ஆம் வரிசையில் 3-வது செடியைத் தேர்ந்தெடுத்தார். எட்டாவது கலப்பு என்பதால் ஐ.ஆர்.8. சோதனை வயலில் இந்திய விஞ்ஞானி எஸ்.கே.தே தத்தா அதற்கு உரம் போட்டு வளர்த்தபோது ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் விளைந்தது. 1966 நவம்பரில் வெளியிடப்பட்டது.

மகசூல் எப்படிக் கூடியது? செடி அதிகமாகச் சாப்பிட்டதால் மட்டும் அல்ல. சாப்பிட்டதை எங்கே வைத்தது என்பதில்தான் வித்தியாசம். பழைய நெல்லில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தானியம், மீதி வைக்கோல். ஐ.ஆர்.8-ல் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. செலவுக் கணக்கில் இருந்து வரவுக் கணக்குக்கு மாற்றி எழுதியது மாதிரி. கூடவே, பகல் நேரத்தைப் பார்க்காமல் நான்கு மாதம் சொச்சத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வருடத்துக்கு ஒரு போகம் எடுத்த கிணற்றுப் பாசன நிலத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவங்களைப் பிடிக்கலாம்.

ஆரணி அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்து விவசாயி ஒருவர், கிடைத்த விளைச்சலைப் பார்த்துத் தன் பிள்ளைக்கு அந்த நெல்லின் பெயரையே வைத்த சம்பவம் பிரபலம். எண்ணும் எழுத்தும் சேர்ந்த ஒரு ஆராய்ச்சிக்கூடப் பெயர், ஒரு குழந்தைக்குப் பெயராக மாறியது என்றால் அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பார்க்கலாம்.

சோறு சொன்ன தீர்ப்பு

அவ்வளவு விளைந்த ஐ.ஆர்.8 இன்று ஆரணியில் எங்கே? கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

காரணம் எளிமையானது. அரிசி தடிமன். உள்ளே வெள்ளை விழுந்து, மில்லில் போட்டால் நொறுங்கும். சோறு ஆறினால் விறைத்துவிடும். பூச்சியும் நோயும் சுலபமாகத் தாக்கும். விவசாயி மூட்டைக் கணக்கைப் பார்த்தார், மண்டிக்காரர் விலையைப் பார்த்தார், மில்காரர் நொய்யைப் பார்த்தார், வீட்டில் அம்மா சோற்றைப் பார்த்தார். நான்கு பேரில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மகசூலை விலையால் பெருக்கினால்தான் வருமானம். மகசூல் மட்டும் கூடினால் போதாது.

இந்த இடத்தில்தான் கிச்சிலி சம்பா மறுபடி வருகிறது. திருவள்ளூர் அருகே திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம், கோ 18 என்ற நெல்லையும் ஜி.இ.பி.24-ஐயும் கலந்து டி.கே.எம்.6 என்ற ரகத்தை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்தது. சன்ன அரிசி. தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும். பாக்டீரியா இலைக்கருகலை எதிர்க்கும் மரபணுவும் அதில் இருந்தது. லாஸ் பான்யோஸ் விஞ்ஞானிகள் அதைத் தங்கள் குட்டை நெல்லோடு கலந்தார்கள். 1969-ல் வெளிவந்தது ஐ.ஆர்.20.

தமிழ்நாட்டு விவசாயிகள் ஐ.ஆர்.20-ஐப் பிடித்துக்கொண்டார்கள். 1970-களில் வட ஆற்காட்டில் நிலைத்த குட்டை நெல் அதுதான். பெயரில் 'சர்வதேசம்' இருந்தாலும் அது பாதி நம் வீட்டுப் பிள்ளை. வெளிநாட்டு விதை என்று சிலர் திட்டினார்கள், வெளிநாட்டு அதிசயம் என்று சிலர் புகழ்ந்தார்கள். இரண்டு பேருமே அதன் பெற்றோரில் ஒருவர் திருவள்ளூர்க்காரர் என்பதை மறந்துவிட்டார்கள்.

டி.கே.எம்.6-இன் பயணம் அதோடு நிற்கவில்லை. குர்தேவ் சிங் குஷ் உருவாக்கி 1976-ல் வெளியான ஐ.ஆர்.36-இன் முன்னோர்களில் அதுவும் ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரு காட்டு நெல்லும் அந்த வம்சத்தில் உண்டு. புல் குட்டை நோய்க்கு எதிர்ப்பு வேண்டும் என்று ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தபோது, அந்த ஒரு காட்டு நெல்தான் கைகொடுத்தது. ஒரு கட்டத்தில் உலகில் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் ஐ.ஆர்.36 நின்றது.

ஆரணிக்கு வந்த ஆராய்ச்சியாளர்கள்

ஆரணிப் பகுதிக்குப் பல சிற்றூர்களுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு கிடைத்தது. பசுமைப் புரட்சியால் என்ன நடந்தது என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தவர்கள் தேர்ந்தெடுத்தது இந்தப் பகுதியைத்தான். 1973-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார்கள். பி.எச்.ஃபார்மர் தொகுத்து 1977-ல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பே 'பசுமைப் புரட்சி?' என்று கேள்விக்குறியோடு இருந்தது.

கேள்விக்குறிக்குக் காரணம் உண்டு. அரசுக் கணக்கில் புது ரகங்கள் பரவியிருப்பதாகச் சொன்ன அளவுக்கு வயலில் பரவவில்லை. இன்னொன்று, விதையைவிடத் தண்ணீர் முக்கியம் என்று தெரிந்தது. ஆரணியில் காவிரி இல்லை. கமண்டல நாகநதியில் வருடத்தில் பல மாதம் மணல்தான். ஏரியும் கிணறும்தான் கதி. காமராஜர் காலத்தில் இருந்து கிராமங்களுக்கு மின்சாரம் வந்ததும், கிணறுகளில் பம்புசெட் ஏறியதும் நடந்திருக்காவிட்டால், எந்த அதிசய நெல்லும் இங்கே முளைத்திருக்காது.

பத்து வருடம் கழித்து பீட்டர் ஹேஸலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி.ராமசாமியும் அதே கிராமங்களுக்குத் திரும்பி வந்தார்கள். 1982-83 கடும் வறட்சி. அடுத்த வருடம் நல்ல மழை. இரண்டையும் பார்த்தார்கள். 1991-ல் வெளியான அவர்கள் புத்தகம், சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் உட்பட ஏழைகளின் வருமானமும் கணிசமாகக் கூடியிருந்தது என்று சொன்னது. பெரிய விவசாயிகள் மட்டுமே கொழிப்பார்கள் என்ற ஆரம்பகால பயம் முழுவதுமாகப் பலிக்கவில்லை.

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. விவசாயத்தில் கூடுதலாக உருவான ஒவ்வொரு ரூபாயும், அந்தப் பகுதியின் மற்ற தொழில்களில் மேலும் சுமார் 87 காசு வருமானத்தை உண்டாக்கியது. மில், லாரி, உரக்கடை, டீக்கடை, துணிக்கடை என்று பணம் சுற்றியது.

ஆனால் அந்த 87 காசு யார் கையில் போய் நின்றது? ஆரணியையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் எழுப்பிய கேள்வி இந்த வகையைச் சேர்ந்தது. நெல்லின் வளர்ச்சி தானாக நகரத்துக்குள் பாய்ந்துவிடாது, நடுவில் வியாபாரிகள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். அறுவடை முடிந்ததும் கடனுக்காக உடனே விற்க வேண்டிய விவசாயிக்கும், கிடங்கில் வைத்து விலை ஏறும்போது விற்கும் வியாபாரிக்கும் ஒரே மகசூல் ஒரே லாபத்தைத் தராது. விதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வித்தியாசத்தை அது மாற்றாது.

பொன்னி வந்தாள்

இப்போது மசூரிக்கு வரலாம். ராமையாவின் கட்டாக் திட்டத்தில் பிறந்து மலேசியாவில் வளர்ந்த அந்த நெல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, காவிரியின் இன்னொரு பெயரான 'பொன்னி'யைச் சூட்டினார்கள். அதில் இருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியை 1986-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பொன்னி குட்டை நெல் இல்லை. உரம் அதிகமானால் சாயும். மகசூலும் மற்ற ரகங்களைவிடக் குறைவு. ஆனால் சோறு மிருதுவாக இருக்கும். விலை கூடுதலாகக் கிடைக்கும். அதனால் ஆரணி, களம்பூர்ப் பக்கத்து மில்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான்.

அதே 1986-ல் ஆந்திராவின் பாபட்லாவில் இருந்து பி.பி.டி.5204 (சம்பா மசூரி) வந்தது. அதன் வம்சம்: ஜி.இ.பி.24, தைவானின் குட்டை நெல், மசூரி. மூன்று கதையும் ஒரே நெல்லில் சேர்ந்துவிட்டது! இந்தியாவில் மிக அதிகமாக விரும்பப்படும் சன்ன அரிசிகளில் இது ஒன்று. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த, மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களில் ஒன்றான 'கமலா', இந்தச் சம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கியதுதான். 1921-ல் வெளியான நெல்லின் வாரிசு இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறது.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ஐ.ஆர்.20, பொன்னி, சம்பா மசூரி இவற்றை 'ஹைப்ரிட்' என்று பலர் சொல்கிறார்கள். தவறு. கலப்பில் பிறந்தாலும் பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகங்கள் இவை. விவசாயி தன் வயலில் இருந்தே அடுத்த வருட விதையை எடுத்து வைக்கலாம். வருடா வருடம் கம்பெனியிடம் வாங்க வேண்டிய வீரிய ஒட்டு விதை வேறு.

பட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. புழு தின்பது முசுக்கொட்டை இலை. மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1990-களில் கொடுத்த வி1 என்ற முசுக்கொட்டை ரகம், பழைய ரகங்களைவிட மிக அதிகமாக இலை தரும். ஆக, ஆரணியின் இரண்டு தொழில்களுக்கு அடியிலும் பயிர்த் தேர்வுதான் இருக்கிறது.

வரவும் செலவும்

1960-களில் தமிழ்நாட்டில் ஒரு ஹெக்டேரில் சராசரியாகக் கிடைத்த அரிசி ஒன்றரை டன் அளவு. இப்போது மூன்று டன்னைத் தாண்டும் வருடங்கள் பல. இது சாதாரண வரவு இல்லை. அன்றைய ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்றவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

செலவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். மூன்று போகம் என்றால் மூன்று போகத் தண்ணீர். கிணறு ஆழமானது, பிறகு போர் வந்தது, போரும் ஆழமாகிறது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீரின் விலை யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. வைக்கோல் குறைந்தது. பல உள்ளூர் நெல் ரகங்கள் வயலை விட்டே போய்விட்டன.

இதற்கு எதிர்வினையாகத்தான் பாரம்பரிய நெல் இயக்கங்கள் வந்தன. நெல் ஜெயராமன் (2018-ல் மறைந்தார்) ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். இன்று ஆர்கானிக் கடைகளில் மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி பக்கத்தில் கிச்சிலி சம்பாவும் 'பாரம்பரிய அரிசி' என்று அதிக விலைக்கு விற்கிறது. வெள்ளைக்கார அதிகாரியின் பதவிப் பெயரைத் தாங்கி, அரசு நிலையத்தில் இருந்து வந்த நெல் அது! பாரம்பரியம் என்று நாம் கொண்டாடுவது ஒரு காலத்தில் புது ரகமாக இருந்தது. புது ரகம் என்று நாம் திட்டுவதற்குள் பாரம்பரியம் ஒளிந்திருக்கிறது. 'நம் நெல்லா, அவர்கள் நெல்லா' என்ற சண்டைக்கு இந்த வம்சாவளியில் இடமே இல்லை.

வணிகவியலில் முதல் பாடம், மூலதனத்தையும் வருமானத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது. மகசூல் வருமானம். மூலதனம் இரண்டு: நிலத்தடித் தண்ணீர், பழைய ரகங்கள். டி.கே.எம்.6 இல்லாவிட்டால் ஐ.ஆர்.20 இல்லை. அந்தக் காட்டு நெல் இல்லாவிட்டால் ஐ.ஆர்.36 இல்லை. நாளைக்கு வரப்போகும் நோய்க்கு எதிர்ப்பு எந்த ஊர் மூலையில், எந்தப் பெயர் தெரியாத நெல்லில் இருக்கிறது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தொலைத்துவிட்டு மகசூலைக் கொண்டாடுவது, கடையை விற்று வந்த பணத்தை லாபம் என்று எழுதுவதற்குச் சமம்.

பார்னெல்லின் ஆட்கள் அன்று வயலில் நடந்தபோது, மாறி நின்ற அந்தச் செடியைக் களை என்று பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. நூறு வருடம் கழித்து ஆரணியில் தறியை விட்டு எழுந்து சாப்பிட உட்காருபவரின் தட்டில் இருப்பது சம்பா மசூரிச் சோறாக இருந்தால், அதில் அந்தச் செடிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.